கடல் வற்றிய காலை

நேற்று நண்பகலில் வந்து இறங்கியபோது கடல் கரைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு அலம்பிக் கிடந்தது. இன்று காலை ஐந்தரை மணிக்குத் தெருமுனைக்கு வந்து பார்த்தால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சாம்பல் நிறச் சேற்று வெளி. அங்கங்கே தேங்கிய தண்ணீர், புதிதாக ஈயம் பூசிய பாத்திரம்போல் மின்னுகிறது. வெகு தூரத்தில், வானத்துக்கு அடியில், மெல்லிய வெள்ளிக் கோடாக ஒன்று தெரிந்தது. அதுதான் கடல் என்றாள் அக்கா மகள்.

"தண்ணி வத்தியிருக்கு மாமா, அவ்வளவுதான். மதியத்துக்குள்ள திரும்பி வந்துடும். நடந்து போய்ப் பாருங்க, ஆனா ரொம்ப தூரம் போகாதீங்க."

அவள் இங்கே செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்த களைப்போடு என்னைக் கரை வரை கொண்டு வந்து விட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

ஊரின் பெயர் சேண்ட்கேட். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனின் வடக்கு விளிம்பில், நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புறநகர். தெற்கே ஷார்ன்கிளிஃப், வடக்கே பிரைட்டன். மூன்றும் ஒரே கரையில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்த மண்ணின் பழைய மக்கள் துர்பல் பழங்குடியினர். 1882-இல் பிரிஸ்பேனிலிருந்து ரயில் வந்த பிறகு, நகரத்துக் குடும்பங்கள் கோடையில் காற்று வாங்க வந்து தங்கும் இடமாக ஆனது. நானும் அதே தடத்தில்தான் வந்தேன். 2024 ஆகஸ்ட் முதல் இந்த மாநிலத்தில் ரயிலோ பேருந்தோ எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். என்னோடு இறங்கியவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்களும் தெருக்களுக்குள் கரைந்த பிறகு, நிலையத்து வாசலில் காகம் கரைவது மட்டும் கேட்டது.

குவீன்ஸ்லாந்துக் கடற்கரை என்றதும் எல்லோரும் நினைப்பது தெற்கே இருக்கும் கோல்டு கோஸ்ட்டைத்தான். அங்கே வெள்ளை மணல், ஆளுயர அலை, அலைமேல் சறுக்கும் இளைஞர்கள், கரையோரம் 322 மீட்டர் உயரத்தில் நிற்கும் க்யூ-1 கோபுரம். சேண்ட்கேட்டில் இவற்றில் ஒன்றும் கிடையாது. மார்ட்டன் தீவு, வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவு என்ற இரண்டு பெரிய மணல் தீவுகள் கிழக்கே அரணாக நின்று பசிபிக் அலையைத் தடுத்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் மார்ட்டன் விரிகுடா ஆழமில்லாதது. கரை அவ்வளவு சாய்வின்றிக் கிடப்பதால், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் நீர்மட்டம் இரண்டு மீட்டர் இறங்கினாலே கடல் பல நூறு மீட்டர் பின்னால் போய்விடுகிறது. அலையும் இல்லை, வெண்மணலும் இல்லை, பாதி நாள் கடலே இல்லை. விடுதி கட்ட வந்தவர்கள் இந்தக் கரையைத் தாண்டிப் போனதற்கு இந்தச் சேறுதான் காரணம் என்பது என் எண்ணம். இந்த ஊர் இன்றும் ஊராக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் படி இறங்கினேன். சேறு என்று சொல்கிறேனே தவிர, கால் புதையவில்லை. மேலே மென்மணல், அடியில் களி. சிற்றலைகள் போட்டுவிட்டுப் போன வரிகள் பாதத்தில் அழுந்தின. நூறடி போயிருப்பேன். முன்னால் தரையே நகர்வதுபோல் இருந்தது.

சிப்பாய் நண்டுகள். இளநீல நிறம், கோலிக்குண்டு அளவு, கோலிக்குண்டு போலவே உருண்டை. ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும் என்று பிறந்தது முதல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இவை நேராக முன்னோக்கி நடப்பது நம்ப முடியாத காட்சி. குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் இரண்டு கொடுக்குகளாலும் மணலை அள்ளி வாயில் போட்டு, அதிலிருக்கும் நுண்ணிய உணவை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைக் கடுகு உருண்டையாக உருட்டித் தள்ளுகிறது. போன வழியெல்லாம் அந்த உருண்டைகள். என் நிழல் விழுந்ததும் முன்வரிசை நின்றது. உடம்பைச் சாய்த்து, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் சுற்றிச் சுற்றி மணலுக்குள் போயின. சில நொடியில் ஒரு சேனையே மறைந்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு குமிழி, பிறகு இன்னொன்று, ஒரு கண்காம்பு. பிறகு மொத்தமும் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து உண்ணத் தொடங்கின.

சற்றுத் தள்ளி ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் குழாய், அதன் மேல்முனையில் கைப்பிடி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பெரிதாக்கியதுபோல் இருக்கிறது. மணலில் பென்சில் முனை அளவு துளைகள் தெரியும் இடத்தில் குழாயைப் பதித்து, பிடியை இழுத்து, உறிஞ்சிய சேற்றைப் பக்கத்தில் பீய்ச்சுகிறார். அந்தக் குழம்பில் வெளிர்ரோஜா நிறத்தில் இறால் போன்ற ஒரு உயிர் துடிக்கிறது. ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. யாபி என்கிறார்கள். தூண்டிலுக்கு இரை. "கிழங்கான் இதைத்தான் விரும்பித் தின்னும்" என்றார். அவர் சொன்ன ஆங்கிலப் பெயர் வைட்டிங். நேற்றுப் பிடித்த மீன் ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுக் குழம்பில் கிடக்கும் கிழங்கானின் நெருங்கிய சொந்தம்.

பறவைகள் இருக்குமா என்று கேட்டேன். குழாயாலேயே வடக்கே காட்டினார்.

நீர்விளிம்பில் பழுப்புநிறக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நெருங்காமல் நின்று பார்த்தேன். நீண்ட கால், அதைவிட நீளமாகத் தெரியும் அலகு, நுனி மட்டும் இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பட்டைவால் மூக்கன். முகம் வரைக்கும் அலகைச் சேற்றில் செலுத்தி எதையோ பிடுங்கி விழுங்குகிறது, இரண்டடி வைக்கிறது, மறுபடியும் செலுத்துகிறது. தலை நிமிர நேரமில்லாத பசி. அந்தப் பசிக்குக் காரணம் தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இவை அலாஸ்காவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பசிபிக் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டி வருபவை. கடலில் இறங்கி இளைப்பாறத் தெரியாத பறவை. புறப்படும் முன் வயிறுபுடைக்கத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வழியில் செரிக்க ஒன்றுமில்லை என்பதால் செரிமான உறுப்புகளே சுருங்கிவிடும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு மூக்கன், உடலில் கட்டிய சிறு கருவியோடு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினோரு நாள் இரவும் பகலும் தரையிறங்கவே இல்லை. இதுவும் அக்டோபர்தான். என் முன்னால் மேய்ந்தவற்றில் சில, போன மாதம் அப்படி வந்து இறங்கியவையாக இருக்கலாம்.

கோடியக்கரையில் பனிக்காலத்தில் உள்ளான் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சைபீரியாவில் பொரிக்கும் வளைமூக்கு உள்ளான் எங்கள் ஊர் உப்பளத்துக்கும் வருகிறது, இந்த விரிகுடாவுக்கும் வருகிறது. ஒரே இனம், இரண்டு பாதை. ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் நிற்கும் வெண்கண்டல் மரமும் பிச்சாவரத்தில் பார்த்த அதே மரம்தான்.

ஒரு பெண் நாயோடு வந்தார். நாய் வார் இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. பறவைகளைப் பார்த்ததும் அவர் சீழ்க்கை அடித்தார். நாய் திரும்பி வந்து கால் அருகே உட்கார, வாரை மாட்டிக்கொண்டு, கூட்டத்தை வெகுவாகச் சுற்றி வேறு பக்கமாகப் போனார். இது கடல்சார் பூங்கா. இந்தப் பறவைகளை விரட்டுவது குற்றம், நாயை விட்டு விரட்டினாலும் குற்றம்தான். ஆனால் அவர் சட்டத்துக்குப் பயந்த மாதிரித் தெரியவில்லை. தூங்கும் குழந்தை இருக்கும் அறையைக் கடப்பவர்போல்தான் நடந்தார்.

எட்டு மணிக்குக் கரையேறித் தெருக்களுக்குள் நடந்தேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் மரத்தால் ஆனவை, தகரக் கூரை, சுற்றிலும் தாழ்வாரம். தரையில் உட்காராமல் தூண்கள்மேல் நிற்கின்றன. அடியில் காற்று ஓடும், வெள்ளம் வந்தால் தண்ணீரும் ஓடும். ஒரு வீட்டருகே குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தூணின் தலையிலும் விளிம்பு கவிழ்ந்த ஒரு தகரத் தட்டு செருகியிருந்தது. கரையான் மறைந்து மேலேறாமல் இருக்க. தட்டின் விளிம்பைச் சுற்றிவர வேண்டுமானால் அது தன் மண்புற்றை வெளியே கட்டியாக வேண்டும், கட்டினால் கண்ணில் பட்டுவிடும். இவ்வளவு எளிய தடுப்பு ஒரு வீட்டை நூறு வருஷம் காக்கிறது. முற்றத்தில் மாமரம், பிஞ்சு விட்டிருந்தது. வேலியோரம் ஜகரண்டா ஊதாவாகக் கொட்டிக் கிடந்தது.

அந்த வீட்டுப் பாட்டி தாழ்வாரத்திலிருந்து கையசைத்தார். வீட்டை உற்றுப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் தட்டைப் பற்றியும் தூண் மாற்றிய வருஷத்தைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார். 2025 மார்ச்சில் ஆல்ஃப்ரெட் புயல் வந்தபோது தெருவே சேர்ந்து மணல் மூட்டை அடுக்கியதாம். புயல் கரை சேருமுன் வலுவிழந்து, வடக்கே பிரைபி தீவுப் பக்கம் கடந்து போயிற்று. "மூட்டைகளை இன்னும் வீட்டுக்கடியில்தான் வைத்திருக்கிறேன்" என்றார். தாழ்வான கரையில் வாழ்பவரின் கவலை, சிரித்த முகத்தோடு சொன்னாலும், எனக்குப் பழகிய கவலை. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

பத்தரைக்கு ஷார்ன்கிளிஃப் கடற்பாலத்தில் இருந்தேன். சுமார் 350 மீட்டர் நீளம், வெள்ளைக் கைப்பிடி, நடக்க மரப்பலகை. 1880-களின் தொடக்கத்தில் நீராவிப் படகுகள் அணைவதற்காகக் கட்டிய பாலம் இருந்த இடம். பழைய மரக்கால்களைக் கப்பல் புழு தின்றுவிட்டதால் 2012-இல் மூடினார்கள். அப்போது ஊரார் அதை விட்டுவிடவில்லை. அதே இடத்தில், அதே சாயலில் புதிதாகக் கட்டி 2016 மார்ச்சில் திறந்தார்கள். ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் பாய்மரப் படகுகள் இங்கிருந்து கிளாட்ஸ்டோனுக்குப் புறப்படும். 1949-இல் தொடங்கிய பந்தயம். அன்று மட்டும் இந்த ஊரில் கூட்டம் நிற்க இடமிருக்காதாம். இன்று என்னோடு இருந்தவர்கள் தூண்டில் போடும் நான்கு பேரும், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தகப்பனும்தான்.

பாலத்தின் நுனியிலிருந்து வடக்கே பார்த்தால் விரிகுடாவைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலங்கள் தெரியும். 1935-இல் இங்கே ஹார்னிபுரூக் என்ற ஒப்பந்தக்காரர் 2.68 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டிச் சுங்கம் வாங்கினார். அது போய்விட்டது, நுழைவாயில் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. 2010-இல் திறந்த புதிய பாலத்துக்கு டெட் ஸ்மவுட் பெயர். முதல் உலகப் போரில் மருத்துவப் படையில் இருந்தவர், இந்தச் சேண்ட்கேட்டில் வாழ்ந்தவர், 106 வயதில் 2004-இல் காலமானார். அக்கரையில் ரெட்கிளிஃப். 1824-இல் கைதிகளைக் கொண்டுவந்து குவீன்ஸ்லாந்தின் முதல் ஐரோப்பியக் குடியிருப்பை அங்கேதான் போட்டார்கள். மறு வருடமே கலைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள்.

காலுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பலகை இடுக்கு வழியே பார்த்தேன். காலையில் என் பாதத்தில் அழுந்தியவை போன்ற சேற்று வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இதே விரிகுடாவின் தென்பகுதியில், டூண்டா துறைமுகத்தில், இப்படிப்பட்ட சேற்று வெளிமேல் அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு திட்டம் இருந்தது. 1993 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கும் ஈரநிலம் அது. உள்ளூர் மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். அனுமதி மறுக்கப்போவதாக மத்திய அமைச்சர் அறிவித்ததும், 2024-இல் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. மூக்கனைவிடப் பெரிய தூரகிழக்குக் கோட்டான் என்ற கரைப்பறவை அங்கேயும் இங்கேயும் மேய்கிறது. அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக ஆஸ்திரேலிய அரசு 2015-இலேயே அதை அறிவித்துவிட்டது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே மஞ்சள் கடலோரம் அது இறங்கித் தின்று இளைப்பாறும் சேற்று வெளிகளில் பலவற்றைத் தூர்த்துவிட்டார்கள். இரண்டு முனையும் பத்திரமாக இருந்து நடுவில் சோறு இல்லையென்றால் எந்தப் பயணி ஊர் போய்ச் சேர்வான்? பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பைமேடு வளர்ந்ததைப் பார்த்தவன் என்பதால், டூண்டாவில் அந்த மக்கள் ஜெயித்ததை என் வீட்டுச் செய்திபோல் கேட்டேன்.

பன்னிரண்டரைக்கு அக்கா மகள் எழுந்து வந்தாள். கரையோரக் கடையில் கிழங்கான் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, வெள்ளைத் தாளைப் பிரித்து, கரைச்சுவரில் உட்கார்ந்து தின்றோம். கடல் சுவருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. மேய இடமில்லாமல் மூக்கன்கள் பாறைக்கட்டின்மேல் ஒதுங்கி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகிக் கண் மூடியிருந்தன.

"நீங்க வருஷா வருஷம் வாங்க மாமா. இவங்க மாதிரி" என்றாள்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று அவளுடைய பணி அட்டவணை, மற்றது இந்த மாதத்துக் கடல் ஏற்ற வற்ற நேரம். நாளைக் காலை வற்றம் ஏழு இருபதுக்கு. அவள் அந்த நேரத்தைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுப் பணிக்குக் கிளம்பினாள்.