வகுப்பறையின் கொள்ளளவு

ஜூலை 16

இன்று காலை பாலக்கரை நினைவிடத்தில், பிள்ளைகளின் படங்களுக்கு மாலை சாத்திவிட்டு, பேச்சற்று நின்ற பெற்றோரைக் கண்டேன். 2004-ஆம் ஆண்டு இதே தேதியில் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில், மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்ததும், அத்தனை பிள்ளைகளும் குறுகிய படிக்கட்டை நம்பி மாடியில் இருந்ததும் பிற்பாடுதான் உலகத்தின் கண்ணில் பட்டன. அதன் பின் மாநிலமெங்கும் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தெறிந்தார்கள், நல்ல காரியமே. எனினும், தீ பரவியது கீற்றினால் என்றால், பிள்ளைகள் தப்ப வழியின்றிப் போனது நெரிசலினால் அன்றோ!

ஜூலை 18

இந்த நெரிசல் இன்று நேற்று வந்ததன்று. 1953-இல் ராஜாஜி சர்க்கார், கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளை இரண்டு வேளையாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரப் படிப்பே போதும் என்று வகுத்ததற்கு, இருக்கும் கட்டடத்தையும் இருக்கும் வாத்தியாரையும் கொண்டே அதிகம் பேரைச் சேர்க்கலாம் என்ற கணக்கும் ஒரு காரணம். மிச்ச வேளையில் தகப்பனார் தொழிலைப் பழகட்டும் என்றதனால் ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்று வெறுத்தார்கள். மறு வருஷமே அது கைவிடப்பட்டது. காமராஜர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் மனமுவந்து அளித்தனர். முன்னது பிள்ளையின் நேரத்தைக் குறைத்தது. பின்னது பள்ளியின் இடத்தைப் பெருக்கியது.

ஜூலை 21

பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்து ஈராசிரியர் பள்ளிக்குப் போயிருந்தேன். கரும்பலகையின் நடுவே சாக்பீஸ் கோடு. இப்பக்கம் ஒன்றாம் வகுப்பின் உயிரெழுத்து, அப்பக்கம் மூன்றாம் வகுப்பின் கழித்தல் கணக்கு. டீச்சர் கழித்தலைச் சொல்லும்போதெல்லாம் சின்னதுகள் எழுத்தை விட்டுவிட்டு அண்ணன்மார் வாயையே பார்க்கின்றன.

2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஆகையால் தலைக்கணக்கில் இங்கே ஒரு குறையுமில்லை. ஆனால் ஐந்து வகுப்புகளை இருவர் சுமக்கும் இடத்தில், நெரிசல் ஆளில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதோடு, ஒரு வகுப்புக்கு ஒருவர் உண்டா, ஓர் அறையிலிருந்து வெளியேற எத்தனை வழி என்பவற்றையும் பரிசோதகர் தம் ஏட்டில் குறிக்கும்படி சர்க்கார் விதித்தாலன்றி, இவ்விரண்டு விதமான நெரிசலும் ஏட்டில் மறைந்து, வகுப்பில் நிலைத்தே இருக்கும்.