அடித்து எழுத இடம் விடுங்கள்

பி.காம். படித்தவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பற்றி எழுத என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். இருக்கிறது சார். கணக்குப் பதிவியலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, பேரேட்டில் ரப்பர் போடாதே என்பதுதான். தப்பான பதிவைச் சுரண்டினால் ஆடிட்டர் உங்களைச் சுரண்டிவிடுவார். தப்பு அப்படியே கிடக்கட்டும். தனியாக ஒரு திருத்தப் பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும்.

இந்தப் பாடம் ஒரு எஞ்சினியரின் முதலைக் காப்பாற்றியதை ஜவ்வாது மலையில் பார்த்தேன்.

எஞ்சினியர் என் சிநேகிதன். சென்னைக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் சூரிய விளக்கு செய்கிறான். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு குக்கிராமத்துக்கு 60 விளக்கு கொடுத்திருந்தான். ஜவ்வாது மலை இருட்டுக்குப் பேர் போனது. அதற்காகவே தேடி வந்து காவலூரில் தொலைநோக்கி வைத்தார்கள். 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கியின் ஆடி மட்டும் 2.34 மீட்டர் அகலம். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு இருட்டு வரம். ராத்திரி மாட்டுக்கொட்டகைக்குப் போகிற பாட்டிக்கு?

விளக்கு எரிந்தது. அதிகமாகவே எரிந்தது. பேட்டரி எந்த அளவுக்கு இறங்கியதும் அணைய வேண்டும் என்ற எண்ணைக் குறைத்துப் போட்டுவிட்டான் பயல். இப்படியே விட்டால் பேட்டரி சீக்கிரமே சாகும். அறுபதையும் மாற்றினால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

உள்ளே இருந்தது தைவான் படாக் கம்பெனியின் பி.எம்.எஸ்.150-சி சில்லு. டீ விலையைவிட மலிவு. மலிவுக்கு ஒரு காரணம், புரோகிராமை ஒரே தடவைதான் எழுதலாம். அந்தக் காலத்து ஈப்ராம் சில்லின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிர் அடித்தால் எழுத்து அழியும். இந்த ஜாதிச் சில்லில் ஜன்னலே கிடையாது.

"அப்புறம் எப்படிடா திருத்துவே?" என்றேன், பஸ் மலை ஏறும்போது.

"புதுச் சில்லுல எல்லா இடத்துலயும் 1 இருக்கும். எழுதறதுன்னா சில 1-ஐ 0 ஆக்கறது. 0-வை மறுபடி 1 ஆக்க முடியாது. ஆனா மிச்சமிருக்கற 1-ஐ எப்ப வேணும்னாலும் 0 ஆக்கலாமே!"

ஒரு வரி முழுவதையும் பூஜ்யமாக்கினால் அந்தச் சில்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமோ? 'சும்மா இரு.' திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இது ஒன்றும் புது உபதேசமில்லை.

சில்லில் மொத்தம் 1,024 வரி. அவன் புரோகிராம் 380 வரி. முதல் வரியில் 'புரோகிராமுக்குப் போ' என்ற கட்டளை. அதற்கடுத்த சில வரிகளை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தான். இப்போது முதல் வரியைப் பூஜ்யமாக்கி, இரண்டாவது வரியில் 'புதுப் புரோகிராமுக்குப் போ' என்று எழுதி, மிச்சமிருக்கும் இடத்தில் திருத்திய புரோகிராமை வைத்துவிடலாம். பழைய தப்பு சீண்டுவாரில்லாமல் உள்ளேயே கிடக்கும். அட, நம்ம திருத்தப் பதிவு!

ஆனால் 380-ம் 380-ம் 760. மீதி 264. மூன்றாவது புரோகிராமுக்கு இடமில்லை. இந்தத் தடவையும் தப்பினால் தீர்ந்தது.

அதனால் ஒரே ஒரு விளக்கைத் திறந்து, போர்டு ஓரத்துச் செப்புப் புள்ளிகளில் ஒயரை வைத்து லேப்டாப்பிலிருந்து எழுதினான். "இன்னா தம்பி, ஊசி போடறியா?" என்றாள் பாட்டி.

"ஆமா பாட்டி. ரெண்டாவது ஊசி. மூணாவது கிடையாது."

ராத்திரி முழுக்க அந்த விளக்கின் எதிரே மீட்டரோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு கவலை வந்தது. நம் ஓட்டு இயந்திரத்திலும் ஒரு தடவை எழுதும் சில்லுதானே? 1982-ல் கேரளத்துப் பரவூரில் 50 சாவடிகளில் அறிமுகமாகி, 2001-ல் தமிழ்நாடு முழுக்க வந்த இயந்திரம்; பெல் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு. "அதுலயும் இப்படி யாராவது..."

"எழுதற வழியை அடைச்சிருக்கணும். அடைச்சதை வேற ஒருத்தர் பார்க்கணும். சில்லை மட்டும் நம்பினா போதாது" என்றான். வாஸ்தவம். அதற்குத்தான் ஏஜென்ட்டுகள் முன்னால் மாதிரி ஓட்டு, சீல், வி.வி.பேட் சீட்டு எல்லாம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போயிற்று: இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் எழுதிக் கேட்டால், தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களில் சில்லில் எரித்த நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். எங்கள் பாஷையில் ஆடிட். திருத்துகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் வேறொருவன். விளக்கோ, ஓட்டோ, கணக்கு ஒன்றுதான்.

விடிகாலை நாலேகாலுக்கு, மீட்டர் சரியான எண்ணைக் காட்டியபோது, விளக்கு பட்டென்று அணைந்தது. மலை முழுக்கக் கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒருவன் கைதட்டினான்.

விளக்கு அணைந்ததற்குக் கைதட்டியவனை அன்றுதான் பார்த்தேன். பார்த்தேன் என்ன, கேட்டேன். விடிந்ததும் மீதி 59-க்கும் ஊசி.