பேட்மேன் ஏன் வழியவில்லை?

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். பெரும்பாலும் ஆவணப்படங்கள்தான். பார்த்து முடித்தால் யாருக்கும் தூக்கம் வராது. போன மாதம் தோழர் ஒருவர், "ஒரு தடவையாவது சிரிச்சிட்டுப் படுப்போம்" என்று ஒரு டிவிடி பெட்டியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1968 வரை ஓடிய 'பேட்மேன்' தொடர். மொத்தம் 120 அத்தியாயங்கள். உரிமை ஒரு நிறுவனத்திடமும் தயாரிப்பு இன்னொரு நிறுவனத்திடமுமாகச் சிக்கிக் கிடந்ததால் முழுத் தொடரும் வட்டாக வெளிவர 2014 ஆகிவிட்டது.

எங்களுக்குத் தெரிந்த பேட்மேன் இருட்டில் நின்று உறுமுகிறவர். இவரோ பட்டப்பகலில் தொந்தியோடு வருகிறார். ராபினுக்கு ஒழுக்கப் பாடம் நடத்துகிறார். சண்டையில் குத்து விழும்போதெல்லாம் திரை முழுக்க வண்ண எழுத்தில் சத்தம் எழுதிக் காட்டுகிறார்கள். தரையில் குனிந்து நடப்பதைக் கேமராவைச் சாய்த்துப் படமெடுத்து, சுவரேறுவதாகச் சொல்கிறார்கள். அபத்தம் என்று தெரிந்தே, முகத்தில் சிரிப்பு வராமல் நடிக்கும் இந்தப் பாணிக்குத்தான் ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்று பெயர். சூசன் சொன்டாக் 1964இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சமூகவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அதன் பொருள் அன்றிரவுதான் புரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாம் பருவத்து வட்டைப் போட்டபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. முதலிரண்டு பருவங்களில் கேட்வுமனாக வந்தவர் ஜூலி நியூமர் என்ற வெள்ளைக்கார நடிகை. அவரைக் கண்டாலே பேட்மேன் தடுமாறுவார். மூன்றாம் பருவத்தில் அந்த வேடத்துக்கு வந்தவர் எர்த்தா கிட் என்ற கறுப்பினக் கலைஞர். உறுமல், நகம், நடை எல்லாவற்றிலும் தூள் கிளப்புகிறார். எங்களோடு இருந்த கல்லூரி மாணவி கேட்டாள்: "ஏன்க்கா, அந்தப் பூனைகிட்ட வழிஞ்சவரு, இந்தப் பூனைகிட்ட மட்டும் போலீஸ்காரர் மாதிரி பேசுறாரு?"

வட்டை நிறுத்திவிட்டுப் பேசினோம். 1967 ஜூன் வரை அமெரிக்காவின் 16 மாநிலங்களில் கறுப்பர் - வெள்ளையர் திருமணம் சட்டப்படி குற்றம். 'லவ்விங் எதிர் வர்ஜீனியா' வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் எர்த்தா கிட் கேட்வுமனாகத் திரைக்கு வருகிறார். சட்டம் போய்விட்டது; காதல் காட்சிகளும் போய்விட்டன. இதற்கு யாரும் உத்தரவு எழுதிவைக்க வேண்டியதில்லை. இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடையில் அறிவிப்புப் பலகையா தொங்குகிறது? யாருக்கு எந்தக் குவளை என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

எர்த்தா கிட் தெற்கு கரோலினாவில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். 1968 ஜனவரி தொடக்கத்தில் அவருடைய கேட்வுமன் அத்தியாயம் ஒளிபரப்பாகிறது. அதே மாதம் 18ஆம் தேதி குடியரசுத் தலைவரின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் தந்த மதிய விருந்துக்கு அவரை அழைக்கிறார்கள். தெருக்குற்றங்களைத் தடுப்பது பற்றிய பேச்சு. இளைஞர்கள் கோபமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அவர்களை வியட்நாமில் சாக அனுப்புகிறீர்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அமெரிக்காவில் அவருக்கு வேலை வறண்டுபோனது. வெளிநாட்டு மேடைகளில் பாடிப் பிழைத்தார். சிஐஏ அவரைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தது 1975இல் அம்பலமானது.

எங்களுக்கும் ஒரு மேசை நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் இடைநிற்றல் பற்றிய கலந்தாய்வு ஒன்றுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பூங்கொத்து, பெயர்ப்பலகை, முந்திரி பிஸ்கட் எல்லாம் இருந்தன. "இந்தப் பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். உதவித்தொகை வராமல், கட்டணம் கட்ட முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி நாங்கள் பேசினோம். கூட்டம் சீக்கிரம் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. அன்று வாயை மூடியிருக்கலாமோ என்று எங்களுக்குள் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம்.

தோழர்களே, திரையிலோ மேடையிலோ நம்மவர் ஒருவர் தெரிந்தால் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான், அந்த இடமும் சும்மா வந்ததல்ல. கூடவே அவருக்கு என்ன வசனம் தரப்பட்டது, எது எடுக்கப்பட்டது, வாய் திறந்த பிறகு என்ன ஆனார் என்பதையும் கேளுங்கள்.

வட்டை மறுபடி ஓடவிட்டோம். எர்த்தா கிட் உறுமினார். மாணவியும் திருப்பி உறுமினாள். அன்று இரவு இரண்டு மணி வரை பார்த்தோம்.