என் குடலில் குடியிருக்கும் ஈ.கோலிக்கு

அன்புள்ள ஈ.கோலி,

எனக்குள்ளேயே குடியிருக்கும் உனக்குத் தபால் எதற்கு என்று கேட்பாய். உன் பெயரைச் சொன்னாலே ஊரார் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்களில் சில வகையினர் செய்த வினை அது. எனக்கு நீ வாத்தியார்.

ஈ.கோலி, என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று எழுதிக் கல்லூரியில் மதிப்பெண் வாங்கியவன் நான். கலைந்து கிடக்கும் அறைதான் உதாரணம். ஒரே வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை மட்டும் கொண்டு ஓயாமல் வேலை வாங்க முடியாது என்ற இரண்டாம் விதியையும் ஒப்பித்தேன். அதை மனசுக்குள் இறக்கியது நீ.

ஈ.கோலி, நீ 2 மைக்ரோமீட்டர் நீளம். அந்த அளவில் தண்ணீரே உனக்குப் பாகு. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976-இல் ஓர் உரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்: நீந்துவதை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடுவாய். சைக்கிளை மிதித்துவிட்டுச் சும்மா உருளும் சுகம் உனக்கு இல்லை. நகரும் ஒவ்வோர் இம்மியும் கைக்காசு. புரோட்டான்கள் உள்ளே பாய, மோட்டார் சுழல, கசையிழைக் கற்றை உன்னைத் தள்ளுகிறது. ஒரு நொடி ஓட்டம், சட்டென்று ஒரு குட்டிக்கரணம், வேறு திசையில் மறுபடி ஓட்டம். 1972-இல் ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் நுண்ணோக்கியையே உன் பின்னால் ஓடவைத்து இதைப் பதிந்தார்கள்.

ஈ.கோலி, அந்தப் பாதையைப் பார்த்து ஏமாந்தும் போனேன். பாதையின் கோட்டை மட்டும் பார்த்தால், படத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் ஏறக்குறைய அதே ஓட்டம், அதே கரணம். 1827-இல் ராபர்ட் பிரௌன் கண்ட துகள்களின் தள்ளாட்டத்துக்கு நீ உறவோ என்றுகூடத் தோன்றும். மூலக்கூறுகள் இடித்து ஆடும் அந்தத் துகளோ தண்ணீரிடம் வாங்கியதைத் தண்ணீருக்கே திருப்பிவிடும், செலவில்லை. நீ தின்றதை எரித்து, வெப்பமாகக் கொட்டி, நொடிக்கு நொடி என்ட்ரோபியைப் பெருக்குகிறாய். கோட்டில் அதன் சுவடே இல்லை.

ஈ.கோலி, 2010-இல் ரோமில் உங்கள் கூட்டத்துக்குள் ஒரு பற்சக்கரத்தைப் போட்டார்கள். 48 மைக்ரோமீட்டர் விட்டம், ஒரே பக்கம் சாய்ந்த பற்கள். வெறும் தண்ணீரில் அது அப்படியும் இப்படியும் ஆடுமே தவிர ஒரு திசையில் சுழலாது. இரண்டாம் விதி விடாது. நீங்கள் பற்களின் மூலையில் மாட்டிக்கொண்டு முட்டினீர்கள். நிமிடத்துக்குச் சுமார் ஒரு சுற்று, ஒரே திசையில்! விதி உடையவில்லை. அதுவரை ஒளிந்திருந்த உங்கள் செலவு வெளியே தெரிந்தது. என்ட்ரோபி எனக்குக் கலைந்த அறையாக இருந்தது போய், நீ நகர்ந்ததற்கான ரசீதாக ஆனது அப்போதுதான்.

ஈ.கோலி, 2016-இல் பெங்களூரில் வேறு வகை பாக்டீரியாக்களின் நடுவே ஒரு நுண்மணியை லேசரால் பிடித்துவைத்து வெப்ப எஞ்சினே ஓட்டினார்கள். சமநிலையில் ஓடும் அதே வகை எஞ்சின் எட்டக்கூடிய உச்சத் திறனை அது தாண்டியது. அந்தக் கணக்கில் பாக்டீரியாக்களின் சாப்பாட்டுச் செலவு சேரவில்லை என்பதை, உன் சார்பில், இங்கே பதிந்துவைக்கிறேன்.

இன்று இரவு இட்லிதான். உன் பங்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்