தேக்கும் திசைகாட்டியும்

காசிமேட்டில் என் அண்ணனின் மரப்பட்டறை கடலுக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. அப்பா அங்கிருந்துதான் மீன்பிடிப் படகுகளுக்குப் பலகை பொருத்தினார். மரப்படகுகளின் இடத்தை இழைக்கண்ணாடிப் படகுகள் பிடித்துக்கொண்ட பிறகு, அண்ணன் கதவு, நிலை, அலமாரி என்று கரைத் தச்சராகிவிட்டார். ஆயினும், கோடை விடுமுறையில் நான் செல்லும்போதெல்லாம் ஏதேனும் ஒரு படகின் உறுப்பு பழுதுபார்ப்புக்காகப் பட்டறை மூலையில் காத்துக்கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தக் கருவிப் பலகை.

வணிகக் கப்பலில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார். அவரிடம் 30 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று இருந்தது. சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு எதிரே, உள்ளறைக்கு இறங்கும் வாயிலின் அருகில் அந்தப் பலகை பொருந்தியிருக்கும். நடுவில் திசைகாட்டி, அதன் இருபுறமும் ஆழமானி, வேகமானி, காற்றுமானி. பழைய பலகை கறுப்பு அக்ரிலிக் தகடு. ஒவ்வொரு திருகாணித் துளையிலிருந்தும் சிலந்திக்கால்களைப் போல விரிசல்கள் ஓடியிருந்தன. வெயிலில் அக்ரிலிக் நன்றாக விரியும். துளையைத் திருகாணியின் அளவுக்கே போட்டு இறுக்கிவிட்டால், விரிய இடமின்றி வெடித்துவிடும். "துளையைக் கொஞ்சம் பெரிசா விட்டிருந்தா இன்னும் பத்து வருசம் உழைச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

புதிய பலகையை எதனால் செய்வது என்ற பேச்சு அன்று மாலைவரை நீண்டது. அலுமினியத் தகடு எடை குறைந்தது. ஆனால் அதில் எவர்சில்வர் திருகாணியை முடுக்கி உப்புநீர் படவிட்டால், இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலம் போலாகிவிடும். அலுமினியம் வெண்பொடியாகப் பொரிந்து உதிரும். எவர்சில்வர் தகட்டையே போடலாமென்றால், நண்பகலில் கைவைக்க முடியாது, கண்ணும் கூசும். எஞ்சியது மரந்தான்.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். பட்டறையின் பரணில் அப்பா எடுத்துவைத்த பர்மாத் தேக்குப் பலகை ஒன்று இருந்தது. மூன்று அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம். உடைப்புக்குப் போன ஏதோ ஒரு கப்பலின் கதவு அது என்பார். "நல்ல வேலை ஒண்ணு வரும், அதுக்கு வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மறைந்து ஆறு ஆண்டுகளாகியும் அந்த வேலை வரவில்லை.

"அண்ணா, இதைவிட நல்ல வேலை எப்ப வரப்போகுது?" என்றேன்.

அண்ணன் உடனே விடை சொல்லவில்லை. "தேக்கு நல்ல மரந்தான் பாப்பா. ஆனா எல்லா இடத்துக்கும் நல்ல மரம் இல்ல" என்று இழுத்தார். எனக்கோ, அப்பாவின் தேக்கு பளபளவென்று மெருகேறிக் கடலில் உலா வருவதைக் காணவேண்டும் என்ற ஆசை. தமிழாசிரியர்க்கு அணியில்லாத பாட்டும் பூச்சில்லாத மரமும் ஒன்றாகவே தோன்றும் போலும். பெரியவரும் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அண்ணன் இணங்கினார்.

திருகாணிகளை வாங்கிவரும் பொறுப்பு எனக்கு. பாரிமுனைக் கடை ஒன்றில் பித்தளை என்று கேட்டு, பொன்னிறத்தில் 24 வாங்கிவந்தேன். அண்ணன் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து அவற்றின்மேல் பிடித்தார். இருபத்து நான்கும் ஈப்போல் ஒட்டிக்கொண்டன. உள்ளே இரும்பு; மேலேதான் பித்தளை. அவற்றுள் ஒன்றை மேசைமேல் இருந்த திசைகாட்டியின் அருகே கொண்டுபோனார். அமைதியாகக் கிடந்த முள்வட்டம் மெல்லத் திரும்பியது. எனக்கு உடல் சிலிர்த்தது. திசையில் ஒரு பாகை பிழைத்தால், 60 கடல் மைல் சென்றபின் படகு ஏறத்தாழ ஒரு கடல் மைல் விலகி நிற்கும் என்று பெரியவர் சொன்னார். கடைக்கு மறுபடியும் நடந்தேன், இம்முறை காந்தத்தோடு.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. மழையையும் கறையானையும் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே எண்ணெய், பூச்சையும் பசையையும் பிடிக்கவிடாது. ஆகவே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பூசவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. அது காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அடுத்த பூச்சு. இவ்வாறு எட்டு நாள். எட்டாம் நாள் பலகையில் என் முகம் தெரிந்தது. அப்பாவிடம் காட்ட முடியவில்லையே என்று கண் கலங்கினேன்.

வெள்ளோட்டத்துக்கு எங்கள் இருவரையும் பெரியவர் அழைத்துச் சென்றார். விடியலில் கிழக்கு நோக்கிப் போனபோது பலகை நிழலில் இருந்தது. அதன் செம்பொன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது கதிரவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஏறியிருந்தான். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்த பலகை, அந்த ஒளி முழுவதையும் வாங்கிச் சுக்கான் பிடித்தவரின் கண்ணில் எறிந்தது. எண்களும் முள்ளும் அந்த ஒளியில் மறைந்தன. பெரியவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, குனிந்து மறுகையால் பலகைக்கு நிழல் கொடுத்துப் படிக்க முயன்றார். அந்தச் சில நொடிகளில் எங்களுக்கு நேர் எதிரே வலை விட்டுக்கொண்டிருந்த படகு ஒன்று வந்துவிட்டது. அதிலிருந்தவர் எழுந்து நின்று கூச்சலிட்டார். அண்ணன் பாய்ந்து சுக்கானைத் தள்ளினார். இரண்டு படகுகளுக்கும் இடையே ஓர் ஆள் நீளந்தான் இருந்திருக்கும்.

கரையேறும்வரை ஒருவரும் பேசவில்லை. பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வேலை அழகா இருக்கும்மா" என்றுதான் சொன்னார்.

பளபளப்பை மட்டும் தேய்த்துக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன். அண்ணன் பலகையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு வட்டத் துளைகளுக்கு நடுவே, இழை ஓடும் திசையில் மயிரிழை போன்ற ஒரு பிளவு தொடங்கியிருந்தது. ஒரே பலகையில் நெருக்கமாகப் பெரிய துளைகள் போட்டால், இடையில் எஞ்சும் மரம் ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் இழைவழியே பிளக்கும். இதனை அவர் முன்பே அறிந்திருந்தார். எனக்காகவும், ஒருவேளை அப்பாவுக்காகவும், சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இரண்டாம் முறை நான் எதுவும் சொல்லவில்லை. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையை அண்ணன் எடுத்தார். அடுக்குகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் அது எளிதில் பிளவாது. ஆனால் வெட்டிய ஓரங்களே அதன் பகை. நீர் அங்கேதான் நுழையும். ஆகவே வெளியோரம், துளைகளின் உள்விளிம்பு, திருகாணி இறங்கும் குழி என ஓரிடம் விடாமல் எபாக்சி பிசினை ஊட்டினார். அதன்மேல் அடர்சாம்பல் நிறத்தில், ஒளியைத் திருப்பி எறியாத மங்கலான வண்ணம். பார்க்க அழகேயில்லை. ஆனால் கருவிகளின் எண்கள் முன்னே எழுந்து நின்றன. இரவில் சிறு சிவப்பு விளக்கு மட்டும் எரியும்படி பெரியவர் அமைத்துக்கொண்டார். வெள்ளை ஒளி, இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடுமாம்.

பிளந்த தேக்கை அண்ணன் எறியவில்லை. துளை படாத ஓரங்களை ஒன்றரை அங்குலப் பட்டைகளாக அறுத்து, பூச்சை இழைத்து நீக்கி, வாயிலின் பக்கத்தில் கைப்பிடியாகப் பொருத்தினார். படகு ஆடும்போது உள்ளறையிலிருந்து ஏறிவருபவர் முதலில் பற்றுவது அதைத்தான். அதற்கு எந்தப் பூச்சும் இல்லை. பூச்சில்லாத தேக்கு ஈரத்திலும் கையை வழுக்கவிடாது. நாளடைவில் வெள்ளியைப் போல் நரைக்கும்.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து, 2025 மே 29 அன்று அவர்கள் திரும்பிய செய்தியை அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உள்ள என்ன பலகை போட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கா?" என்றார்.

துளையிட்டபோது விழுந்த தேக்கு வட்டங்களில் ஒன்று என் மேசைமேல், விடைத்தாள்கள் பறக்காமலிருக்க இருக்கிறது. அதன் ஒருபுறத்தில் எட்டுப் பூச்சும் அப்படியே உள்ளன. இரவில் தாள் திருத்தும்போது குழல்விளக்கின் ஒளி அதில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. அதனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்குகிறேன்.