டிவியை எந்த உயரத்தில் மாட்டுவது?



பொங்கலுக்கு வந்த மகன் புது டிவி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். 43 அங்குலம். பழைய 32 அங்குலப் பெட்டி ஏழு வருடம் உழைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. புதுப் பெட்டியைச் சுவரில் மாட்ட நம் ஊர் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன்தான். இன்று அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். எனக்கு மட்டும் இன்னும் பையன். பெயரைப் போட்டால் வெட்கப்படுவான், அதனால் போடவில்லை.

டிரில் மிஷின், ரசமட்டம் எல்லாவற்றோடும் வந்தவன் நேராகப் பழைய ஓட்டைகளைப் போய்ப் பார்த்தான்.

"இதே உயரத்துல மாட்டிரலாம் சார். ஸ்டாண்டு அளவுக்கு ரெண்டு ஓட்டை மட்டும் புதுசா போட்டா போதும்."

"வேணாம்ப்பா. அந்த உயரம் தப்பு. நல்லா கீழ இறக்கணும்."

"எல்லா வீட்லயும் இந்த உயரத்துலதான் சார் மாட்டுறோம். அப்பதான் பார்க்க எடுப்பா இருக்கும்."

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2018-ல் ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தில் ஹாலைப் புதுப்பித்தேன். பெயிண்ட் அடித்து, பக்கவாட்டுச் சுவரோரம் சோபா போட்டு, நடுச்சுவரில் டிவியை மாட்டினேன். நான் நின்றுகொண்டே "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேல" என்று சொல்லச் சொல்ல, அது தரையிலிருந்து ஆறடி உயரத்துக்குப் போய்விட்டது. வாசலில் நுழைந்தவுடன் தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் "அழகா இருக்கு சார்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அம்மா எங்களோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர். சோபாவில் உட்கார்ந்தால் கால் தொங்கி வீங்குகிறது என்று சொல்லி, டிவிக்கு நேர் எதிர்ச்சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டித்தான் உட்காருவார். அதுதான் அவருடைய இடம்.

முதல் மாதம் ஆசையாகப் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கிவிட்டது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்தபடியே சீரியலைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே, "இப்ப யாருடா பேசுறது? மாமியாரா, மருமகளா?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். "பாட்டிக்கு மறதி வந்துருச்சு" என்று பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். "நிமிர்ந்து பாரும்மா, தெரியும்" என்று நான் ஒருமுறை சற்று எரிச்சலாகவே சொன்னேன். "எனக்குக் கேட்டா போதும் தம்பி" என்றார். எதையும் குறையாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அம்மா காலமாகி மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. இடுப்பு வலிக்கிறதே என்று நானும் அம்மாவின் இடத்தில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். திரையின் நடுவில் டியூப் லைட் வெள்ளைக் கோடாகப் படுத்திருந்தது. பேசுகிறவரின் முகமே தெரியவில்லை. மீதி இடமும் சாயம்போன துணி மாதிரி வெளுத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் பிடரி கடுத்தது.

அம்மாவுக்கு மறதி இல்லை. உண்மையிலேயே யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். ஐந்து வருடம் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே ஹாலில் நான் ஒருநாள்கூட அவர் இடத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் டேப்பை எடுத்து அளந்தேன். தரையில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் 27 அங்குல உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே அதே சுவரின் உச்சியில் டியூப் லைட் 114 அங்குலத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கணக்குதான். கண்ணும் விளக்கும் ஒரே சுவர்ப் பக்கம் இருந்தால், எதிர்ச்சுவரில் அந்த இரண்டு உயரத்துக்கும் நட்ட நடுவில் விளக்கின் பிம்பம் தெரியும். 27-ஐயும் 114-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 70½. டிவியின் நடுப்பகுதி இருந்தது 72-ல். விளக்கு வேறெங்கும் போகவில்லை, சரியாகத் திரையின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் சோபாவில் இருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை.

நிறம் வெளுத்ததற்கும் காரணம் உண்டு. இப்போது வரும் தட்டைத் திரைகள் பலவற்றில் நேருக்கு நேர் பார்த்தால் இருக்கும் நிறம், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இருக்காது. கழுத்து விஷயம் உங்களுக்கே தெரியும். தியேட்டரில் முன்வரிசையில் டிக்கெட் கிடைத்தால் என்ன பாடுபடுகிறோம்? அதைத்தான் பலர் வீட்டு ஹாலில் தினமும் மூன்று மணி நேரம் செய்கிறோம்.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வெட்கம் உண்டு. இந்தப் பாடத்தை நான் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகை என் உயரத்துக்கு இருக்கும். எனக்கு எழுத வசதி. முன்னால் இருக்கும் பிள்ளை கழுத்தை அண்ணாந்து பார்த்து எழுதும். 2007–08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதுகிற மாதிரி கரும்பலகை அமைத்தார்கள். ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். "இதென்ன, வாத்தியார் தரையில உட்கார்றதா?" என்று முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். உட்கார்ந்த பிறகுதான் அதுவரை நிமிர்ந்தே எழுதாத பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தேன். அப்போது என்னிடம் படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். சுவரில் நீங்கள் கிறுக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பள்ளியில் கற்றதை வீட்டு வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

டிவியை உயரத்தில் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பஞ்சாயத்து டிவி ஞாபகம் வருகிறது. ஊரே மண்ணில் உட்கார்ந்து பார்க்கும். பின்னால் நிற்பவருக்கும் தலைகளுக்கு மேலே தெரிய வேண்டும், அதனால் உயரம். டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்றுகொண்டு பார்க்கிறோம், அங்கேயும் உயரம் சரி. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல டிவி வீடுகளுக்கு வந்தபோது, பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினோம். அதற்கெல்லாம் காரணம் இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து பார்க்கிற ஹாலில் அந்தக் காரணம் எதுவும் இல்லை. உயரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்த முறை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். யாருக்காவது பயன்படும்.

முதலில் சோபாவை டிவிக்கு நேர் எதிரே மாற்றினோம். இப்போது கண்ணிலிருந்து திரைக்கு ஏழடி. 43 அங்குலத்துக்கு அது போதும். பிறகு என் மனைவியைச் சோபாவில் வழக்கம்போல் சாய்ந்து உட்காரச் சொன்னேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தால் அளவு தப்பிவிடும். அவள் கண்ணின் உயரம் 40 அங்குலம், எனக்கு 42. பழையபடி சாக்பீஸால் சுவரில் கோடு போட்டேன். அவளுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் இருக்கிறது. "என்னங்க, எனக்கு அண்ணாந்து பார்க்கிற மாதிரி மட்டும் வேணாம்" என்று முன்பே சொல்லிவிட்டாள்.

இரண்டுக்கும் நடுவில் 41. அதுதான் திரையின் நடுப்பகுதி வரவேண்டிய உயரம். எங்கள் பெட்டியின் உயரம் 22 அங்குலம், அதில் பாதி 11. 41-ல் 11 போனால் 30. ஆக, டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 அங்குலத்தில் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். விளக்குக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 41-ம் 114-ம் கூட்டி இரண்டால் வகுத்தால் 77½. டிவியின் மேல் விளிம்பு 52-ல் முடிந்துவிடுகிறது. டியூப் லைட் இனித் திரையில் விழாது.

ஓட்டை போடுவதற்கு முன்னால் செய்தித்தாளை டிவி அளவுக்கு ஒட்டி வெட்டி, சுவரில் பிளாஸ்திரியால் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் சுவரில் தப்பான ஓட்டையை அடைப்பதைவிடத் தப்பான பேப்பரைக் கிழிப்பது சுலபம்.

இன்னொன்று. டிவியின் பின்னால் ஸ்டாண்டு மாட்டும் துளைகள் எல்லாப் பெட்டியிலும் சரிபாதியில் இருக்காது. கீழ் விளிம்பிலிருந்து துளைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்த பிறகே சுவரில் குறி வைக்க வேண்டும். பிளக் பாயிண்டும் டிவிக்குப் பின்னால் மறைகிற மாதிரி இருக்கட்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஒயர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் படுத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே சற்று உயரத்தில் மாட்டி, முன்பக்கமாகச் சாய்க்கிற ஸ்டாண்டு போட வேண்டும்.

நம் எலக்ட்ரீஷியன் அரை மனதோடுதான் மாட்டினான். முடித்ததும், "இவ்வளவு கீழ இருக்கே சார், பார்க்குறவங்க சிரிப்பாங்க" என்றான்.

"நீ நின்னுக்கிட்டுப் பார்க்குற. உட்கார்ந்து பாருடா."

சோபாவில் உட்கார்ந்தான். பிறகு நான் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்த்தான். ஒரு நிமிடம் பேசவில்லை. "எங்க அப்பா கட்டில்லேர்ந்து பார்ப்பாரு சார். நானே மேல மாட்டி வச்சிருக்கேன்" என்றான். கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளப் பார்த்தான். நான் விடவில்லை.

ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் அப்பாவோ, அம்மாவோ, பாட்டியோ எங்கே உட்கார்ந்து டிவி பார்க்கிறார்களோ, அந்த இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். "நல்லா தெரியுதா?" என்று அவர்களைக் கேட்காதீர்கள், தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். நீங்களே உட்கார்ந்து பாருங்கள். நான் தாமதமாகத்தான் உட்கார்ந்தேன்.

அளந்து பார்த்தவர்கள் எத்தனை அங்குலம் என்று எனக்கு எழுதுங்கள். கணக்குத் தப்பென்றால் திருத்தித் தருகிறேன், பழைய பழக்கம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்