ஈனில்

வீட்டுக்குள் குருவி கூடு கட்டினால், அதன் அடியில் உதிரும் வைக்கோலையும் எச்சத்தையும் கூட்டுவது யார்? பறவைகளைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இந்தக் கேள்வி இல்லை. உலகச் சிட்டுக்குருவி நாளில் (2010இலிருந்து மார்ச் 20) எங்கள் கல்லூரியில் ஒட்டப்படும் சுவரொட்டியிலும் இல்லை. கூட்டுவது ஒரு பெண் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் கேட்கத் தேவைப்படவில்லை போலும்.

நான் வளர்ந்தது ஓட்டு வீட்டில். சுவரில் சாய்வாக மாட்டிய தாத்தா படத்துக்குப் பின்னால் வருடம் தவறாமல் குருவி கட்டும். கூட்டைக் கலைத்தால் பாவம் என்பாள் ஆச்சி. பாவத்தோடு நிறுத்தியிருக்கலாம். குருவி கட்டிய வீட்டில் தொட்டில் ஆடும் என்று ஒரு சொல்லும் வைத்திருந்தாள். சித்திக்குக் கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் பிள்ளை இல்லை. "குருவி கட்டிருச்சு, இந்த வருசம் ஒனக்குந்தான் தாயி" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். சித்தி ஒன்றும் பேசமாட்டாள். துடைப்பத்தை எடுத்துப் படத்துக்குக் கீழே கூட்டுவாள். ஒரு நாளைக்கு மூன்று முறை. அந்தக் கூட்டை ஒரு வாரியல் குச்சியால் தட்டிவிட்டால் தன்மேல் விழும் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். தட்டவில்லை. குஞ்சு கீழே விழுந்தால் முறத்தில் ஏந்தி, ஸ்டூல் போட்டு ஏறித் திரும்ப வைத்தவளும் அவள்தான்.

சங்கப் பாட்டில் குருவி காட்டில் இல்லை, வீட்டில் இருக்கிறது. குறுந்தொகை 46இல் மாமிலாடனின் குருவிகள் முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப்பொடியில் குடைந்து விளையாடி, இறவாணத்தில் குஞ்சுகளோடு உறங்கப் போகின்றன. இதையெல்லாம் தலைவன் பிரிந்து போயிருக்கும் வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். குறுந்தொகை 85 இன்னும் கூர்மையானது. நிறைசூலியாக இருக்கும் பேடைக்காக ஆண்குருவி கரும்பின் பூவைக் கொத்திக் கொண்டுவந்து ஈனும் இடம் அமைக்கிறது. அந்த இடத்துக்குத் தமிழில் ஈனில் என்று பெயர். ஈன்றெடுப்பதற்கான இல். பரத்தையிடம் போய்விட்டு வந்த தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழியின் பேச்சில் இந்தக் குருவி வருகிறது. உன் ஊர்க் குருவிக்கு இருக்கும் பொறுப்புகூட உனக்கில்லையே என்பதை அவள் சொல்லாமலே சொல்லிவிடுகிறாள்.

பாரதியையும் சொல்லவேண்டும். எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் எட்டயபுரம். செல்லம்மா சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு அள்ளி இறைத்த கதையைப் பள்ளி ஆண்டுவிழா தோறும் யாராவது சொல்கிறார்கள். கவிஞரின் கருணைக்குக் கைதட்டல் விழுகிறது. அன்றைய உலையில் எதைப் போட்டார்கள் என்பதோடு கதையை முடிக்கும் பேச்சாளரை நான் இன்னும் கேட்கவில்லை. எனக்குப் பாரதியைப் பிடிக்கும். அந்தக் கதையில் மட்டும் நான் செல்லம்மா பக்கம்.

இப்போது நான் இருப்பது கான்கிரீட் வீடு. குருவி குறைந்ததற்குக் கைப்பேசிக் கோபுரம்தான் காரணம் என்று '2.0' படம் வந்த 2018க்குப் பிறகு பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். அது நிறுவப்பட்ட செய்தி அல்ல. எங்கள் தெருவைப் பார்த்தாலே வேறு காரணம் தெரியும். ஓடு போயிற்று, இறவாணம் போயிற்று, சுவரில் பொந்து இல்லை. கம்பும் சோளமும் வீட்டுவாசலில் காய்வதில்லை, பாலிதீன் பையில் புடைத்துச் சலித்து வருகின்றன. குஞ்சுக்குத் தானியம் போதாது, புழுவும் பூச்சியும் வேண்டும். அதற்குச் செடி வேண்டும், செடிக்கு மண்தரை வேண்டும். முற்றத்தில் சிமெண்ட் பூசியாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் என் வீட்டில் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸுக்கு வேனில் போகிறவர்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை பயர் ஆபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ். 'ஆபீஸுக்குப் போறேன்' என்று சொல்லும் பெண்ணின் விரல் நகத்தைப் பாருங்கள், எந்த ஆபீஸ் என்று தெரியும். வேன் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைகளோடு ஏதாவது செய்யவேண்டும். சென்னையில் 'கூடுகள்' என்ற அமைப்பு பள்ளிப் பிள்ளைகளை வைத்தே குருவிக்கு மரக்கூடு செய்யவைக்கிறது. 2024 நவம்பரில் பிரதமர் வானொலியில் பேசியபோது அதைக் குறிப்பிட்டார். நாமும் செய்வோம் என்று தச்சரிடம் மிச்சப் பலகை வாங்கிவந்தேன்.

கூட்டின் இலக்கணம் எளிது. வாசல் ஒன்றேகால் அங்குல வட்டம். பெரிதானால் மைனா நுழைந்துவிடும். வாசலுக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்கக்கூடாது, வைத்தால் காக்கைதான் உட்காரும். உள்ளே பெயிண்ட் கூடாது. அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை. வெயில் நேராக விழாத இடத்தில், பூனைக்கு எட்டாமல், எட்டடி பத்தடி உயரத்தில் மாட்டவேண்டும். வெளிப்புறம் மட்டும் பிள்ளைகளுக்கு விடப்பட்டது. சிவகாசி ஊர் அல்லவா, அச்சகங்களில் கழிக்கப்பட்ட தாள் எங்கள் பிள்ளைகளுக்குக் கோலப்பொடி மாதிரி மலிவு. முருகனும் ரோஜாவும் பனிமலையும் வெட்டி ஒட்டப்பட்டன. ஒருத்தி தன் கூட்டுக்கு வீட்டு எண் எழுதினாள். இன்னொருவன் மின்கட்டண அட்டை ஒன்றும் வரைந்து வைத்தான்.

சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு பெண், பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். மகள் கோணலாக ஒட்டியதை வாங்கி, தாளை மடித்து, விரலால் ஒரு நீவு நீவி ஒட்டினாள். அடுத்தது. அடுத்தது. நாங்கள் ஒருமணி நேரமாகச் செய்ததை அவள் கை ஐந்து நிமிடத்தில் முடித்தது.

"எட்டு வயசுல பழகுன கை டீச்சர். நூத்தி நாப்பத்தி நாலு பெட்டி ஒட்டுனா ஒரு குரோசு. கை மறக்க மாட்டேங்குது."

அவள் வயது நாற்பதுக்குள். எண்பதுகளின் கடைசியில் பிறந்திருப்பாள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும் என்று சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இத்தனைக்கும் நடுவில் இவள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். திண்ணைக்குள் ஆய்வாளர் வருவதில்லை.

அவள் எழுந்தபோது வண்ண டப்பாக்களைப் பார்த்தாள். "அந்த வெள்ளிக் கலர மட்டும் இதுக கைல குடுக்காதீங்க டீச்சர்." நான் விஷமில்லாத சாயம்தான், கழுவினால் போய்விடும் என்றேன். "தெரியும். பாக்க முடியல, அதான்." அலுமினியப் பொடி ஏறிய தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரேகைகள் மட்டும் கருப்பாக இருந்தன. வெள்ளி டப்பாவை அலமாரிக்கு மேலே வைத்தேன்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இங்குள்ள பெண்கள் தேதிகளை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், கல்யாண நாளுக்கு முன்னும் பின்னுமாக. அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி அவர்களுக்கு மனப்பாடம். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வெடிக்காத ஊர்களும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கட்டும். எங்கள் சரக்கு விலைபோகாத ஊர்கள். பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பையன் உடனே கேட்டான்: "எல்லா ஊர்லயும் அப்படி ஆயிட்டா எங்கம்மா எங்க போவும்?" என்னிடம் பதில் இல்லை. 2018இல் உச்சநீதிமன்றம் பேரியத்தைத் தடுத்து, வெடிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்கியபோது, இந்தத் தெருவில் எத்தனை அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். பறவைக்காகப் பேசுகிறவர்கள் அந்தப் பையனுக்கும் சேர்த்துப் பேசவேண்டும். பெரும்பாலும் பேசுவதில்லை.

கூந்தன்குளம் என்றால் பால்பாண்டி பெயர் வரும், பறவை மனிதர் என்று. மரத்திலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர். கூடவே வளர்த்தவர் அவர் மனைவி வள்ளித்தாய். பட்டம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. கர்நாடகத்தில் மத்தூர் பக்கம் கொக்கரெபெள்ளூர் மக்கள், கூடு கட்ட வரும் கூழைக்கடாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்பார்களாம். ஈனில் என்ற சொல்லின் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கிறேன். மகள் வந்தால் வெந்நீர் வைப்பதும் பத்தியம் பார்ப்பதும் யார் என்றும் பார்க்கிறேன்.

2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே தெருவிளக்கில்லாமல் இருந்தது. நாடெங்கும் கொண்டாடினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். இருட்டில் வெளியே போகவேண்டிய பெண்கள் அந்த நாட்களில் யாரைத் துணைக்கு அழைத்தார்கள் என்று ஒரு வரி தேடினேன்.

எங்கள் ஏழு கூடுகளில் ஐந்து மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் மாதம் ஓர் ஆண்குருவி வந்து ஒவ்வொரு வாசலிலும் தொங்கிப் பார்த்தது. இடம் தேர்ந்து கூவி அழைப்பது ஆணின் வேலை. பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சியாகக் காத்திருந்தார்கள். முருகன் தோற்றார், பனிமலை தோற்றது. வீட்டு எண் எழுதிய கூட்டில் வைக்கோல் ஏறியது. அதைச் செய்தவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, அவ்வளவு கர்வம். அடைகாத்தது பன்னிரண்டு நாள். குருவிகள் தாழ்வாரத்திலிருந்து கூடத்துக்குள்ளும் பறந்து வந்தன. கூடத்து மின்விசிறியை நிறுத்தி, சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். விருதுநகர் வெயிலில் அது பெரிய தியாகம் என்று வீட்டு ஆண்கள் சொன்னார்கள். அடுப்படியில் எந்தக் காலத்திலும் மின்விசிறி இருந்ததில்லை என்பதை நான் நினைவூட்டினேன். தாழ்வாரத்தைக் கூட்டும் முறையைக் கிழமைவாரியாகப் பிரித்து, எல்லோர் பெயரும் எழுதிக் காலண்டர் பக்கத்தில் மாட்டினேன். சில நாள் சண்டையோடும் சில நாள் சண்டையில்லாமலும் அது நடந்தது.

அந்தப் பருவத்தில் வகுப்பில் நற்றிணை 181 நடத்த வேண்டியிருந்தது. வேறொரு துணையோடு தங்கிவிட்டு வரும் ஆண்குருவியைப் பேடை குஞ்சுகளோடு சேர்ந்து கூட்டுக்குள் விடாமல் துரத்துகிறது. அது சாரலில் முதுகு நனைய ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. பேடை நெடுநேரம் யோசித்து, மனமிரங்கி, உள்ளே அழைக்கிறது. உரைகாரர்கள் அந்த இரக்கத்தைப் பாராட்டுவார்கள். ஏன் அழைத்தது என்று மாணவிகளிடம் கேட்டேன். கற்பு என்றாள் ஒருத்தி, தேர்வுக்குப் படித்தவள். அழைத்திருக்கக் கூடாது என்றார்கள் மூன்று பேர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற, அம்மா பயர் ஆபீஸில் இருக்கிற பெண் கடைசி வரிசையிலிருந்து சொன்னாள்: "குஞ்சுக்கு எர தேட ரெண்டு வாய் வேணும்ல மேடம். நெடுநேரம் யோசிச்சிருக்குல்ல, அதத்தான் கணக்குப் போட்ருக்கும்."

அவள் சொன்னதைப் பலகையில் எழுதினேன். மற்றவர்கள் குறிப்பேட்டில் எடுத்துக்கொண்டார்கள்.